அந்த ஊர் இல்லை

பகல் பத்து உற்சவம் தொடங்கி, ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லாத ஒரு டிசம்பர் காலையில், அம்மா மண்டபம் சாலையிலிருந்த பார்சல் ஆபீஸ் கம்ப்யூட்டர், ஸ்ரீரங்கம் என்று ஓர் ஊரே கிடையாது என்று அறிவித்துவிட்டது. அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் சத்தியமாக, ஸ்ரீரங்கத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கவில்லை.

போன் எங்கள் தெப்பக்குளத்து அறைக்கு வந்தது. வளையல் கடை மாடியில் இருந்த அந்த அறைதான் எங்கள் கம்பெனியின் திருச்சிக் கிளை. கிளை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், பஷீர் அகமது என்ற இன்னொரு புரோகிராமர், நாங்களே யூனிக்ஸ் ஏற்றி ஓடவிட்டிருந்த ஒரு மெஷின், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான். தலைமை அலுவலகம் மெட்ராஸில் இருந்தது.

"ஏம்மா, டோரதிங்கறது நீதானா?" என்றது போனில் ஒரு பெண் குரல்.

"ஆமாங்க. நீங்க யாரு?"

"நான் அமிர்தம். இல்லாத ஊர்லேருந்து பேசறேன்."

பார்சல் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் அமிர்தம். ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, ஸ்ரீரங்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாலே வெளியூர் போவதாகச் சொல்லிக்கொள்கிறவர். முந்தின நாள்தான் நான் அங்கே போய், யூனிக்ஸின் உள்கருவான கெர்னலைப் புதிதாக டேப்பிலிருந்து ஏற்றிவிட்டு, நல்லபடியாக ஓடுகிறது என்று அவர் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு! நீ வந்து என்னத்தையோ சுத்தவிட்டுட்டுப் போனே. காலையிலேருந்து நம்ம ஊரு மூட்டைய ஏத்தப் போனா, அந்த ஊர் இல்லை, அந்த ஊர் இல்லைன்னு ஒரே பாட்டு. வெளியில சேவிக்க வந்த ஜனம் ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொல்லட்டுமா, திரும்பிப் போங்க, அந்த ஊர் இல்லையாம்னு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் போனுக்குள்ளேயே கையை விட்டு அடிப்பார் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன்.

"முதலாளி வந்துக்கிட்டிருக்காரு. சாயங்காலம் மெட்ராஸ் லாரியில இந்த மெஷினை ஏத்தி உங்க கம்பெனிக்கே அனுப்பறேன்னு சொல்லிட்டாரு. நீ வர்றதுன்னா இப்பவே வா" என்று போனை வைத்துவிட்டார்.

சிரிப்பு அந்த நிமிடமே நின்றுபோயிற்று. பரக்கத் அலி பார்சல் சர்வீஸ்தான் எங்கள் கிளைக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர். அவரே மெஷினைத் திருப்பி அனுப்பினால் திருச்சி அறையைப் பூட்டிவிடுவோம் என்று மெட்ராஸ் மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வேலை போகாது, மெட்ராஸுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கெர்னல் பக்கம் என்னை எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும். எனக்குச் சம்பளப் பட்டியல் அச்சடிக்கும் புரோகிராம் கிடைக்கும். மேலப்புதூர் மாதா கோயில் பாடகர் குழுவில் என்னை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தள்ளியபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. கெர்னல் வேலையை விட எனக்கு மனமே இல்லை.

பஷீரைப் பார்த்தேன். அவர் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார்.

"பஷீர், உங்க புரோகிராம் ஸ்ரீரங்கத்துக்கு என்ன பாதை கொடுக்குது?"

"அது வந்து… ஒண்ணும் கொடுக்கலைங்க."

"ஒண்ணும் கொடுக்கலைன்னா?"

"காலியாக் கொடுக்குதுங்க."

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமும் தானாகப் போய் டிஸ்க்கைத் தொட முடியாது. கெர்னல் என்று ஒன்று அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதனிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது பாதை, அதாவது எங்கே போக வேண்டும் என்று, சொல்ல வேண்டும். பஷீரின் புரோகிராமுக்கு டிஸ்க்கில் ஊருக்கு ஓர் அறை. துறையூருக்கு ஓர் அறை, முசிறிக்கு ஓர் அறை, லால்குடிக்கு ஓர் அறை. அமிர்தம் துறையூர் என்று அடித்தால், 'என்னைத் துறையூர் அறைக்குக் கொண்டுபோய் விடு' என்று புரோகிராம் கெர்னலிடம் கேட்கும். கெர்னல் கொண்டுபோய் விடும். அந்த அறையில் பார்சல் விவரத்தை எழுதி வைப்பார்கள். இதில் ஒரு குழப்பமும் இல்லை.

கேட்கிறவன் ஒன்றுமே சொல்லாமல், வெறும் பாதையை நீட்டினால்? பழைய யூனிக்ஸ் கெர்னலுக்கு அதில் ஒரு தாராள குணம் உண்டு. 'பெயர் சொல்லவில்லையா? சரி, நீ நிற்கிற இடத்தைத்தான் சொல்கிறாய் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்க வைத்துச் சரி என்று சொல்லிவிடும். எனக்கு அந்தத் தாராளம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. காலிப் பாதை என்றால் தவறு, அப்படி ஒன்று இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும் என்று, யூனிக்ஸுக்குப் பொது விதி எழுத அமெரிக்காவில் கூடிப் பேசிக்கொண்டிருந்த குழுவின் வரைவும் வந்து சேர்ந்திருந்தது. படித்தவுடன் எனக்கு ஒரே குஷி. கெர்னலில் பாதை தேடும் இடத்தில் இரண்டு வரி சேர்த்தேன். காலி வந்தால், இல்லை. அதைத்தான் முந்தின நாள் கொண்டுபோய் ஏற்றினேன்.

"ஸ்ரீரங்கத்துக்குன்னு ஓர் அறை வைக்கலையா நீங்க?"

"வைக்கத்தான் நெனச்சேன். அமிர்தம் அக்கா முதல் நாளே, நம்ம ஊருக்கெல்லாம் பேர் அடிக்க முடியாதுன்னு வெறும் எண்டரைத் தட்டிடுச்சு. தட்டினா, புரோகிராம் நின்ன இடத்துலயே நின்னு எழுதிடுச்சு. நாமளும் ஸ்ரீரங்கத்துலதானே நிக்கிறோம், சரியாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்." தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "டோரதி, கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டு வரிய எடுத்துடுங்களேன். பழைய டேப் நம்மகிட்ட இருக்கு."

"எடுக்க முடியாது."

"மெஷினே போயிடும்ங்க."

"நீங்க சோம்பல்பட்டதுக்கு என் கெர்னல் பொய் சொல்லணுமா?"

கொஞ்சம் அதிகமாகத்தான் கத்தினேன். கீழே வளையல் கடைக்காரர் வெளியே வந்து மாடியைப் பார்த்தார். பஷீர் பழைய டேப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்தோம். காவேரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. ஊரெல்லாம் ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற மாமி ஒருவர், "நகருங்கோ, பெருமாள் புறப்பாடு ஆயிடும்" என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் என்ன செய்வார் பாவம். மழை வேறு பிடித்துக்கொண்டது.

பார்சல் ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. சுமைதூக்கும் மூக்கன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். பரக்கத் அலி பாய், மடித்துக் கட்டிய கைலியும் நனைந்த தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் நல்லது ஒன்றும் தெரியவில்லை.

"வாம்மா. உன் மெஷினுக்கு எங்க மேல என்ன கோபம்?"

"கோபம் ஒண்ணும் இல்லைங்க பாய். பேர் சொல்லாமக் கேட்டா அது எப்படிப் போகும்? ஸ்ரீரங்கம்னு அடிச்சா ஒழுங்காப் போகும்."

இதைச் சொன்னபோது பஷீர் என் முழங்கையை இடித்தார். நான் கவனிக்கவில்லை.

அமிர்தம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நான் ஏன் அடிக்கணும்? நான் எங்க வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, இது எங்க வீடுன்னு சொல்லிக்கிட்டே நிப்பனா? இந்த ஆபீஸ்ல மூட்டைக்கே அப்படித்தான். எல்லா ஊர் மூட்டையும் இங்க வந்துதான் பிரியும். நம்ம காந்தி மார்க்கெட் ஆபீஸ்ல வெளியூர் மூட்டைக்கெல்லாம் மசியில ஊர்ப் பேர் எழுதுவான். ஸ்ரீரங்கத்து மூட்டைக்கு ஒண்ணும் எழுத மாட்டான். வெறும் மூட்டைன்னா நம்ம மூட்டை. மெஷின் வர்றதுக்கு முன்னாடியே இது வழக்கம்."

"ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாருங்கக்கா."

அவர் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மூக்கன்கூட ஒரு மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தார். கடைசி எழுத்தை அடித்து, எண்டரையும் தட்டினார்.

அந்த ஊர் இல்லை, என்றது திரை.

"பேர் சொன்னாலும் இல்லையாம்!" என்று அமிர்தம் இரண்டு கையையும் விரித்தார்.

நான் பஷீரைத் திரும்பிப் பார்த்தேன். "அதான் இடிச்சேன்" என்றார் அவர் மெதுவாக. ஸ்ரீரங்கத்துக்கு அறையே வைக்கவில்லை என்று காலையில் என்னிடம் சொன்னவர் அவர்தான். அறை இல்லாத ஊருக்குப் பெயர் அடித்தால் மட்டும் எப்படிப் போகும்? கோபம் வந்தால் எனக்குக் கணக்கெல்லாம் மறந்துபோகும்.

பரக்கத் அலி எழுந்துகொண்டார். "மூக்கா, மெட்ராஸ் லாரி எப்ப வருது?"

"அஸ்தமிக்கறதுக்குள்ள வந்துடும்ங்க."

"இந்த மெஷினைச் சாக்குல சுத்தி வை. மெட்ராஸ்னு நல்லாக் கொட்டை எழுத்துல எழுது."

பஷீர் பைக்குள் கையை விட்டு டேப்பை எடுத்தேவிட்டார். "பாய், ஒரு நிமிஷம். பழையபடியே ஆக்கிடறோம். அரை மணியில முடிஞ்சுடும்."

"அப்படியா? அதை முதல்லயே செய்யறதுக்கு என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருச்சி அறையும் பிழைக்கும், என் கெர்னலும் என்னிடமே இருக்கும். என்ன, இரண்டு வரி மட்டும் இருக்காது. நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் வாசலில் ஓர் ஆள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

மெலிந்த ஆள். கழுத்தில் ஜெபமாலை, முழங்கால் வரை சேறு. அவரைப் பார்த்ததும் அமிர்தத்தின் முகம் வாடியது. "அண்ணே, திரும்பவும் வந்துட்டீங்களா? நான்தான் சொன்னேனே, துறையூர் பார்சல் எதுவும் இங்க நிக்கலை."

"என்னம்மா செய்யறது? துறையூர்ல கேட்டா இங்க கேளுங்கறாங்க" என்றார் வந்தவர் பணிவாக. என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் பேரு பிலோமின்ராஜ்மா. பச்சைமலையில உபதேசியாரா இருக்கேன். எங்க கோயிலுக்குக் கிறிஸ்மஸ் குடில்ல வைக்கிற சுரூபமெல்லாம் ஒரு பெட்டியில வாங்கி அனுப்பியிருந்தாங்க. துறையூர்ல இறக்கி, நாங்க மேல தூக்கிட்டுப் போறதா ஏற்பாடு. காந்தி மார்க்கெட்ல லாரியில ஏத்தியாச்சுன்னு அடிச்சுச் சொல்றாங்க. துறையூர்ல இறங்கலைன்னு அங்க உள்ளவங்க அடிச்சுச் சொல்றாங்க. நடுவுல பாலன் எங்க போனாருன்னுதான் தெரியலை. மலையில பிள்ளைங்க வைக்கோலைப் பரப்பிக் குடில் கட்டி முடிச்சுட்டு உக்காந்திருக்குதுங்க."

கிறிஸ்மஸுக்கு நாள் அதிகம் இல்லை. மலைக்குப் போகும் பஸ்ஸும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. எனக்கு மெஷின், மெட்ராஸ் எல்லாம் ஒரு கணம் மறந்துபோயிற்று. ஏற்றிய பார்சல், இறங்காத பார்சல். அப்படியானால் நடுவில் எங்கேயோ, யாரோ அதை வேறு எதுவாகவோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலில் மூக்கன் இறக்கிய மூட்டைகளைப் பார்த்தேன். மழையில் மசி கரைந்து, ஒரு மூட்டையில் 'முசிறி' என்று எழுதியது கறுப்புக் கோடாக வழிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெளியில் கிடந்தால் அந்தக் கோடும் இருக்காது.

"அக்கா," என்றேன், "பேர் அழிஞ்சுபோன மூட்டை வந்தா என்ன செய்வீங்க?"

"பேர் இல்லைன்னா நம்ம ஊருதான்னு இப்பத்தானே சொன்னேன்? எண்டர்."

"பழைய கெர்னல் இருந்தப்ப, எண்டர் தட்டினா என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. சரின்னு எடுத்துக்கிச்சு. அதைத்தானே காலையிலேருந்து நானும் கேக்கறேன்!"

"நம்ம ஊருன்னு ஏத்தின சரக்கு, யாரும் வந்து வாங்காம மிச்சம் கிடந்தா, அது எங்க இருக்கும்?"

அமிர்தம் பின்பக்கத்துக் குடோனைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் உறைத்துவிட்டது என்று தெரிந்தது. "மூக்கா, சாவிய எடு" என்று முதலில் எழுந்து நடந்தவர் அவர்தான்.

குடோனில் ஸ்ரீரங்கத்துச் சரக்கு சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. உற்சவக் கூட்டத்தில் கடைக்காரர்கள் வந்து எடுக்க நேரமில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூக்கன் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். புகையிலை, சாம்பிராணி, பித்தளைக் குத்துவிளக்குகள். கீழ் வரிசையில் ஒரு மரப்பெட்டி தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த காகிதம் ஊறி, பாதி உரிந்து, பசை மட்டும் மிச்சமிருந்தது. பெயர் ஏதும் இல்லை. பலகையை நெம்பித் திறந்ததும் வைக்கோலுக்குள்ளிருந்து ஓர் ஒட்டகத்தின் தலை எட்டிப் பார்த்தது.

"மாதாவே!" என்றார் பிலோமின்ராஜ்.

ஒட்டகத்துக்குப் பின்னால் இரண்டு இடையர்கள் வந்தார்கள். ராஜாக்கள் வந்தார்கள். சூசையப்பர் கையில் கோலோடு வந்தார். எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, பாலன் இருந்தார். மூக்கன் துணியை விலக்கி ஒரு காலைப் பிடித்துத் தூக்கவும், அமிர்தம் பாய்ந்து வாங்கிக்கொண்டார்.

"அடப்பாவி, கொழந்தையை இப்படியா தூக்குவே? தலைக்குக் கை கொடுத்துத் தூக்கத் தெரியாது?" சுரூபத்தின் முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். "இத்தனை நாளா இருட்டுல கெடந்திருக்கு பாரு. என் கையாலதானே தட்டியிருப்பேன் எண்டரை." அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்க கவலைப்படாதீங்கம்மா," என்றார் பிலோமின்ராஜ், முகமெல்லாம் சிரிப்பாக. "பகல் பத்து பாத்துட்டுத்தான் மலை ஏறுவேன்னு இருந்திருக்காரு போல."

அமிர்தம் அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் அழுகை வந்தது என்பதை மறைப்பானேன்.

சிரிக்காதவர் பரக்கத் அலி ஒருவர்தான். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சுவர் உயர அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். "இதுக்குள்ள இன்னும் என்னென்ன ஊரு இருக்கு?"

மூக்கன் மீதியையும் இறக்கினார். பெயரில்லாத மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க விஷயம் வெளியே வந்தது. லால்குடி மருந்துக் கடைக்குப் போக வேண்டிய டானிக் இருந்தது. தாத்தையங்கார்பேட்டை நெசவாளிக்குப் போக வேண்டிய நூல் கட்டு இருந்தது. முசிறி பாத்திரக் கடைக்காரர் பெயர் பொறித்த அண்டா ஒன்று, வாயைத் திறந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

"இந்த அண்டாவுக்கா!" என்று பரக்கத் அலி தலையில் கை வைத்தார். "இந்த அண்டாவுக்கா அவன்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினேன்? வழியில வித்துத் தின்னுட்டேன்னு கடைத்தெருவுல நின்னுல்ல கத்தினான். நானும் பதிலுக்கு, உனக்கு யாரும் அனுப்பவே இல்லைன்னு கத்தினேன். ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. அண்டா இங்கதான் இருந்துச்சா?"

"லாரியோட வர்ற சீட்டுல மொத்தம் எத்தனை உருப்படின்னுதாங்க இருக்கும்" என்றார் அமிர்தம், குரல் இறங்கி. "மொத்தம் சரியா இருந்துச்சு. மெஷினும் ஒண்ணும் கேக்கலை."

அதுதான் விஷயம். மெஷின் கேட்டிருக்க வேண்டும். பெயர் சொல்லாதவர்கள் இரண்டு வகை. ஒருவர், தன் ஊர்தானே என்று சொல்லாமல் விடுகிறவர். இன்னொருவர், என்ன ஊர் என்றே தெரியாமல் நிற்கிறவர். பழைய கெர்னலுக்கு இருவரும் ஒன்றுதான். இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிடும். இதை எல்லாம் அங்கே நின்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அண்டா அதைவிட நன்றாக விளக்கிக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்தேன்.

பஷீர் மட்டும் நிலைமை புரியாமல் டேப்பை நீட்டிக்கொண்டே நின்றார். "பாய், அப்ப இந்தப் பழைய டேப்பைப் போட்டுடட்டுமா?"

"காவேரியில போடு" என்றார் பரக்கத் அலி.

எனக்கு அந்த இடத்திலேயே விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அமிர்தம்தான் விடவில்லை.

"அதெல்லாம் சரிங்க முதலாளி. ஆனா நம்ம ஊரு மூட்டைக்கு நான் என்ன செய்யட்டும்? எண்டர் தட்டினாலும் இல்லைங்குது, பேர் அடிச்சாலும் இல்லைங்குது. ஸ்ரீரங்கம் எங்கதான் இருக்கு, இந்தப் பொண்ணு சொல்லட்டும்."

நியாயமான கேள்வி. பஷீர் ஸ்ரீரங்கத்துக்கு ஓர் அறை கட்டித் தரலாம். அப்போதும் அவர் அத்தனை எழுத்தையும் அடிக்க மாட்டார், மறுநாளே சண்டை வரும். நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாப் புரோகிராமர்களுக்கும் தெரிந்த ஒன்றை, காலையிலிருந்து சண்டை போட்ட வேகத்தில், நாங்கள் இருவரும் நினைத்தே பார்க்கவில்லை.

"அக்கா, ஒரு புள்ளி வைங்க."

"எங்க?"

"ஊர்ன்னு கேக்குதுல்ல, அங்க. வெறும் புள்ளி. வச்சுட்டு எண்டரைத் தட்டுங்க."

அமிர்தம் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஒரு புள்ளியை அடித்தார். தட்டினார். மெஷின் ஒரு வார்த்தை மறுபேச்சில்லாமல், பார்சல் விவரம் என்ன என்று கேட்டது.

"ஒத்துக்கிச்சே! என்ன மாயம் பண்ணினே?"

"மாயமெல்லாம் இல்லை. யூனிக்ஸ்ல புள்ளின்னா, நான் நிக்கிற இடம்னு அர்த்தம். பழைய கெர்னலுக்கும் தெரியும், புதுசுக்கும் தெரியும். நம்ம ஊருதான்னு நீங்க வாயத் திறந்து சொன்ன மாதிரி ஆச்சு. பேரும் அடிக்க வேணாம்."

"அட, நெத்தியில பொட்டு வைக்கிற நேரம்தானே" என்று அமிர்தம் இன்னொரு மூட்டைக்கு வைத்துப் பார்த்தார். அதற்கும் சரி என்றது. மூன்றாவதை வைக்கும்போது அவர் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு வந்துவிட்டது. பரக்கத் அலி உடனே காந்தி மார்க்கெட் ஆபீஸுக்குப் போன் போட்டு, இனிமேல் ஸ்ரீரங்கத்து மூட்டைக்கெல்லாம் மசியில் ஒரு பெரிய புள்ளி வை, வெறுமையாக ஒரு மூட்டைகூட வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். மறுமுனையில் இருந்தவர் ஏன் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது. "ஏன்னா, அண்டா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

பிலோமின்ராஜின் பெட்டியைத் திரும்ப ஆணி அடித்து, மேலே தார்ப்பாய் சுற்றி, துறையூர் லாரியில் டிரைவர் பக்கத்திலேயே ஏற்றினார்கள். அமிர்தம் தன் கையாலேயே அதன் நான்கு பக்கமும் துறையூர் என்று எழுதினார். பிலோமின்ராஜ் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அதன்மேல் கை வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு பரக்கத் அலி மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார். காலையில் கோபத்தில் அவர் எங்கள் மேனேஜரிடம் என்னவெல்லாம் பேசினாரோ தெரியாது. லைன் கிடைத்ததும் அவர் நீட்டி முழக்கவில்லை. "மெஷின் இங்கயே இருக்கும். துறையூர் ஆபீஸுக்கும் ஒண்ணு வேணும். இந்தப் பொண்ணை எங்கயும் மாத்திடாதீங்க. ஏதாவதுன்னா எனக்குப் பக்கத்துலயே ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"டோரதி!" என்றார் மேனேஜர். லைனில் ஒரே இரைச்சல். "காலையில திட்டினாரு, இப்ப இன்னொண்ணு கேக்கறாரு. அவர் சொன்னபடி பழைய மாதிரியே மாத்திக் கொடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க சார். மாத்தலை."

"மாத்தலையா? காலியா வந்தா இல்லைன்னுதான் இன்னும் சொல்லுதா?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் எதுக்கு அவர் வாங்கறாரு?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அப்போது வாசலில் அடுத்த லாரி வந்து நின்றது. மூக்கன் இறக்கிய முதல் மூட்டையில் பெயரும் இல்லை, புள்ளியும் இல்லை. அமிர்தத்தின் விரல் பழக்கத்தில் எண்டரைத் தட்டிவிட்டது. அந்த ஊர் இல்லை, என்றது திரை. அமிர்தம் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வாசலுக்குப் போய், டிரைவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"யோவ், இது எந்த ஊரு மூட்டை?"

"நம்ம ஊருதான்னு நெனச்சேங்க."

"நெனச்சியா? நீயா நெனச்சுக்கிட்டு ஏத்துவியா? தெரியலைன்னா கேக்கறதுக்கென்ன, கேளுய்யா!"

நான் ரிசீவரை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.